‘மயக்கம் தெளியுமா?’ என்று கேட்கும் அம்மாவிடம் எவ்வளவு சொல்லலாம்?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. அம்மாவுக்கு 58 வயது. அடுத்த வாரம் லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கேமராவும் கருவியும் விட்டு, பித்தப்பையை எடுக்கப் போகிறார்கள். ஆபரேஷனைப் பற்றி அவருக்கு அவ்வளவு பயமில்லை, மயக்க மருந்தை நினைத்தால்தான் தூக்கம் போய்விடுகிறது. அவருக்கு வீடியோ காட்டிப் புரியவைக்கலாம் என்கிறீர்கள் நீங்கள். “எதையும் சொல்லாதே, தெரிஞ்சா இன்னும் பயந்துடுவா” என்கிறார் உங்கள் மாமா. யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். மேலுக்கு வீடியோ காட்டலாமா வேண்டாமா என்ற கேள்விபோல இருந்தாலும், நடக்கப் போவதைத் தெரிந்துகொண்டால் பயம் குறையுமா கூடுமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக மயக்கவியல் மருத்துவராக இருக்கிறேன். குறைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், கூடியவர்களையும் பார்த்திருக்கிறேன். கூடியதில் ஒன்றிரண்டு என் கைவேலை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு ஹெர்னியா ஆபரேஷன். முந்தின நாள் மாலை போய், படித்ததை மறக்காமல் ஒப்பிப்பதுபோல, வரக்கூடிய பக்கவிளைவுகளை ஒன்று விடாமல் சொன்னேன். பல் உடையலாம், அலர்ஜி வரலாம், நரம்பு பாதிக்கலாம் என்று பட்டியல் நீண்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புரிந்துகொண்டுவிட்டார் என்ற திருப்தியோடு வந்துவிட்டேன். மறுநாள் காலை அவருடைய ரத்த அழுத்தம் 190-ஐத் தாண்டி நின்றது. இரவு முழுக்க அவர் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்ததாக நர்ஸ் சொன்னார். அன்றைக்கு ஆபரேஷன் தள்ளிப்போனது. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவர் கேட்காததை, அவர் தாங்கக்கூடியதைவிட அதிகமாகச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான்.

அதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. வயதான ஒரு அம்மா மயக்க மருந்து வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்தார். இதயம், மூச்சு, மருந்தின் அளவு என்று கால் மணி நேரம் விளக்கியிருப்பேன். எல்லாம் முடிந்த பிறகு, மருமகள் காபி வாங்கப் போன நேரம் பார்த்து, “பல்செட்டை எப்ப கழட்டணும்?” என்று மெதுவாகக் கேட்டார். பொக்கை வாயோடு சொந்தக்காரர்கள் முன்னால் ஸ்ட்ரெச்சரில் போவதுதான் அவர் பயம். தியேட்டருக்குள் வந்ததும் நானே கழற்றி டப்பாவில் வைக்கிறேன், வெளியே போகும் முன் மாட்டிவிடுகிறேன் என்றேன். பேச்சு அதோடு முடிந்தது, கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அதனால் வீடியோவா மௌனமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “மயக்க மருந்துல எதை நினைச்சும்மா பயமா இருக்கு?” எல்லோரும் மயக்க மருந்து பயம் என்றே சொன்னாலும் அதற்குள் பல பயங்கள் இருக்கும். எழுந்திருக்க மாட்டோமோ என்பது ஒன்று. பாதியில் விழிப்பு வந்துவிடுமோ என்பது இன்னொன்று. மயக்கத்தில் ஏதாவது உளறி வீட்டு ரகசியம் வெளியே வந்துவிடுமோ என்று பயப்படுபவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். முழு மயக்கத்தில் பேசவே முடியாது. தெளியும்போது சிலர் ஏதோ முணுமுணுப்பார்கள். பெரும்பாலும் தண்ணீர் கேட்பார்கள், இல்லையென்றால் ஆபரேஷன் முடிந்ததா என்று கேட்பார்கள். உடம்பை முன்பின் தெரியாதவர்கள் கையில் ஒப்படைப்பதில் உள்ள கூச்சமும் பலருக்கு உண்டு. அதை வாய்விட்டுச் சொல்வது ரொம்பக் குறைவு.

எழுந்திருப்பேனா என்ற பயத்துக்கு நம் மொழிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றும். வெயிலில் நின்று கீழே விழுந்தாலும் மயக்கம்தான், குடித்துவிட்டுக் கிடப்பதும் மயக்கம்தான், நாங்கள் கொடுப்பதற்கும் அதே பெயர். கேட்பவர் மனதில் யாரும் கவனிக்காமல் ஒருவர் சாய்ந்து கிடக்கும் காட்சி வந்துவிடுகிறது. நடப்பது வேறு. கையில் போட்டிருக்கும் ஊசி வழியாக, பெரும்பாலும் புரோபோபால் என்ற பால் நிற மருந்து போகும். அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் நினைவு போய்விடும். அந்த ஒரு டோஸ் மட்டும் கொடுத்துவிட்டு விட்டுவிட்டால் ஐந்து, பத்து நிமிடத்தில் அவரே விழித்துக்கொள்வார், ஏனென்றால் மருந்து மூளையை விட்டு உடம்பின் மற்ற பகுதிகளுக்குப் பரவிவிடும். ஆபரேஷன் முடியும்வரை மயக்கம் நீடிப்பதற்குக் காரணம், அந்த நேரம் முழுவதும் மூச்சு வழியாகவோ ரத்தக்குழாய் வழியாகவோ நாங்கள் மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான். நிறுத்தினால் தெளிய ஆரம்பிக்கும். மயக்கம் தெளியாமலே போய்விடுமோ என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். தெளியவிடாமல் வைத்திருக்கத்தான் எங்களுக்கு வேலை அதிகம்.

மருந்தைக் கொடுத்துவிட்டு மயக்க டாக்டர் வெளியே போய்விடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். போவதில்லை. ஆபரேஷன் முடியும்வரை தலைமாட்டிலேயே இருப்போம். விரலில் ஒரு கிளிப், கையில் பிரஷர் பட்டை, மார்பில் இசிஜி ஸ்டிக்கர், வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் கார்பன் டை ஆக்ஸைடு எவ்வளவு என்று காட்டும் ஒரு கோடு, இத்தனையும் ஓடிக்கொண்டிருக்கும். விரல் கிளிப்பின் ‘பீப்’ சத்தம் ஆக்சிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கும். திரையைப் பார்க்காமலே, முதுகைத் திருப்பி மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சுருதி அரைப்படி இறங்கினால் திரும்பிவிடுவோம். பாட்டு தெரியாத மயக்க டாக்டருக்கும் அந்த ஒரு விஷயத்தில் காது நன்றாக இருக்கும்.

எண்ணாகச் சொல்வதென்றால், நல்ல வசதியுள்ள இடங்களில் மயக்க மருந்தால் மட்டுமே ஏற்படும் மரணம் சுமார் ஒரு லட்சத்தில் ஒன்று என்ற அளவில் பேசப்படுகிறது. இது பொதுக் கணக்கு. இதய நோய், கடுமையான ஆஸ்துமா, அவசர ஆபரேஷன் என்றால் கணக்கு மாறும். உங்கள் அம்மாவின் இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்பதை நேரில் பரிசோதித்தவர்தான் அவருக்கான பதிலைச் சொல்ல முடியும். நான் இங்கிருந்து சொன்னால் அது ஆறுதலே தவிர மருத்துவம் ஆகாது.

பாதியில் விழிப்பு வருவதைப் பற்றி இணையத்தில் நிறையக் கதைகள் சுற்றுகின்றன. அது நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று 2014-இல் வெளிவந்தது. முழு மயக்கத்தில் விழிப்பு இருந்ததாக நோயாளிகள் தாமாக முன்வந்து சொன்னது சுமார் 19,000-க்கு ஒன்று. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களிடம் சுமார் 8,000-க்கு ஒன்று, கொடுக்காதவர்களிடம் 1,36,000-க்கு ஒன்று. பித்தப்பை ஆபரேஷனில் அந்தத் தளர்த்தும் மருந்து கொடுப்பது வழக்கம், அதனால் நடுவில் சொன்ன எண்தான் அம்மாவுக்குப் பொருந்தும். இதிலும் பெரும்பாலானவை கத்தி வைத்த நேரத்தில் நடந்தவை அல்ல, மயக்கம் ஏறும்போதோ இறங்கும்போதோ நடந்தவை. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தவை. ஆபரேஷன் முடிந்தபின் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் குறிப்பிட்ட கேள்விகளைக் கேட்கும் ஆய்வுகளில் ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு என்று கூடுதலாக வருகிறது. தானாகச் சொல்வதற்கும் கேட்டால் சொல்வதற்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் வாதம் உண்டு. அம்மா இதைக் கேட்காவிட்டால் நீங்களாக எடுக்காதீர்கள். கேட்டால் மழுப்பாதீர்கள்.

என் அனுபவத்தில் எண்களைவிட அதிகம் உதவுவது, அன்று காலை உடம்பில் என்னென்ன உணர்வார் என்பதை வரிசையாகச் சொல்வதுதான். ஸ்ட்ரெச்சரில் படுத்துப் போகும்போது விட்டத்து விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகரும், சிலருக்கு அப்போதே தலை சுற்றுவதுபோல் இருக்கும். தியேட்டர் குளிரும், போர்வை கேட்கலாம். மேஜை குறுகலாக இருக்கும். முகத்துக்கு மேல் பிளாஸ்டிக் மாஸ்க் வைப்பார்கள், வருவது வெறும் ஆக்சிஜன்தான், மாஸ்க்கின் வாடைதான் மூக்கில் அடிக்கும். மூடியதுபோல் இருந்தால் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லலாம். பால் நிற மருந்து போகும்போது கையில் சுருக்கென்று ஒரு எரிச்சல் ஓடலாம், மருந்து ரத்தக்குழாயை உறுத்துவதால் வருவது அது. அடுத்து அவர் நினைவில் இருக்கப் போவது யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. நடுவே ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ போயிருக்கும், அவருக்கு ஒரு நொடிபோல் இருக்கும். இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டவர்கள் ஏராளம்.

விழித்த பிறகு தொண்டை கரகரக்கும், மூச்சுக்குழாயில் டியூப் போட்டதால் வருவது அது. உடம்பு நடுங்கலாம். வாந்தி தடுக்கும் மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் பத்தில் மூன்று பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் குமட்டல் வரும், பெண்களுக்கும் புகைப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் கூடுதலாக. “பஸ்ஸில் போனா வாந்தி வருமா?” என்று மயக்க டாக்டர் கேட்டால் சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். வரும் என்றால் முன்கூட்டியே தடுப்பு மருந்தைக் கூட்டிக் கொடுப்பார்.

லேப்ராஸ்கோப்பி செய்துகொள்பவர்களுக்கு நான் மறக்காமல் சொல்வது ஒன்று உண்டு. ஆபரேஷன் வயிற்றில், ஆனால் மறுநாள் தோள்பட்டை வலிக்கலாம். உள்ளே இடம் கிடைப்பதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை நிரப்புவார்கள். மிச்சமிருக்கும் வாயு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு அடியில் தங்கி உறுத்தும்போது, நரம்புப் பாதையின் விசித்திரத்தால் வலி தோளில் தெரியும். ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். முன்பே தெரிந்தவர்கள் “டாக்டர் சொன்னாரே, அதுதான்” என்று இருந்துவிடுவார்கள். தெரியாதவர்கள் நள்ளிரவில் மாரடைப்பு என்று அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். மார்பு இறுக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும், இதுதான் அது என்று நினைத்துக்கொண்டு இருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

இப்படி முன்கூட்டியே சொல்வதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்றால், உண்டு, ஆனால் நாங்கள் ஆசைப்படும் அளவுக்கு உறுதியாக இல்லை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவர் குழுவினரும் செய்து 1964-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பிரபலம். வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினரிடம் மட்டும், வலி எங்கே வரும், எவ்வளவு நாள் இருக்கும், எப்படித் திரும்பிப் படுத்தால் குறையும் என்று எடுத்துச் சொன்னார்கள். யாரிடம் சொன்னார்கள் என்று அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. சொல்லப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, வீட்டுக்கும் சராசரியாக இரண்டு நாளுக்கு மேல் முன்னதாகவே போனார்கள். இதைச் சொல்லாத மயக்கவியல் பேராசிரியர் குறைவு. ஆனால் அது ஒரே மருத்துவமனையில், சிறிய எண்ணிக்கையில், அந்தக் காலத்து நீண்ட கீறல் ஆபரேஷன்களில் நடந்தது. பிறகு வந்த 105 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு காக்ரேன்), மனத்தளவில் தயார்படுத்துவதால் வலியும் பதற்றமும் குறையக்கூடும், மருத்துவமனையில் இருப்பதும் சராசரியாக அரை நாள் குறையக்கூடும், ஆனால் ஆதாரத்தின் தரம் தாழ்வு என்றுதான் முடிக்கிறது. ‘கூடும்’ என்ற சொல்லை அவர்கள் தெரிந்தேதான் போட்டிருக்கிறார்கள். கெடுதல் வந்ததற்கு ஆதாரம் இல்லை, செலவும் இல்லை, அதனால் நான் செய்கிறேன்.

மாத்திரை கொடுத்துப் பயத்தை அடக்கிவிடலாமே என்ற யோசனைக்குப் பின்னால் உள்ள ஆதாரம் இதைவிடப் பலவீனம். பிரான்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் லோரஸெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை கொடுத்ததால் நோயாளிகளின் திருப்தி கூடவில்லை, மாறாக டியூபை எடுக்கத்தான் நேரம் கூடியது. எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பது பற்றிய முடிவு இது. ரொம்பப் பதறுகிறவருக்குக் கொஞ்சமாகக் கொடுப்பதை நான் இன்னும் விடவில்லை. பதற்ற நோய்க்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள், முன்பு ஒரு ஆபரேஷனில் மோசமான அனுபவம் பட்டவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு நல்ல வார்த்தை மட்டும் போதாது, மயக்க டாக்டரிடம் முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

நீங்களா மாமாவா என்பதற்கு இப்போது வருகிறேன். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டால்தான் நிம்மதி என்பவர்களும் உண்டு, ‘நீங்க பார்த்துக்கோங்க டாக்டர், என்கிட்ட சொல்லாதீங்க’ என்பவர்களும் உண்டு. 1996-இல் ஆம்ஸ்டர்டாமில் உருவான ஒரு சின்னக் கேள்வித்தாளை இதற்காகவே வைத்திருக்கிறோம். மொத்தம் ஆறே கேள்வி. நான்கு பயத்தை அளக்கும், இரண்டு தெரிந்துகொள்ளும் ஆசையை அளக்கும். மயக்க மருந்துக்குத் தனியாக, ஆபரேஷனுக்குத் தனியாகக் கேட்கும். அதை உருவாக்கியபோது கண்டது, அதிகம் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களிடம் பயமும் அதிகமாக இருந்தது என்பது. அதனால்தான், கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற அம்மாவைப் பார்த்து “யோசிக்காதே, விடு” என்று சொல்வதில் பயன் இல்லை. அவர் கேட்பதே பயத்தால்தான், பதில் வராவிட்டால் அந்த இடத்தைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வார். அதேபோல, கேட்க விரும்பாதவரைத் துரத்தித் துரத்தி விளக்கினால் என் ஹெர்னியா நோயாளி கதைதான். ஆக, அம்மா கேட்கிற ரகம் என்றால் நீங்கள் சரி, கேட்காத ரகம் என்றால் மாமா பாதி சரி. பாதி ஏனென்றால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் அம்மா. முக்கியமானதை மறைத்து வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

வீடியோ காட்டுவதாக இருந்தால் ஆபரேஷன் செய்யும் வீடியோ வேண்டாம். ரத்தம், கருவி, கேமராவில் பெரிதாகத் தெரியும் ஈரல், இவையெல்லாம் மாணவர்களுக்கானவை. ஒரு நோயாளி வார்டிலிருந்து தியேட்டருக்குப் போய் ரெக்கவரி அறையில் விழிப்பதை, மருத்துவமனைகளே நோயாளிகளுக்காக எடுத்த வீடியோ கிடைத்தால் காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த வீடியோ என்னவாக வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

சொல்லும் வார்த்தையிலும் கவனம் வேண்டும். பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட வந்த 140 பெண்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மரத்துப்போகும் ஊசி போடும்முன் பாதிப் பேரிடம், அந்த இடம் மரத்துப்போகும், சௌகரியமாக இருக்கும் என்றார்கள். மீதிப் பேரிடம், பெரிய தேனீ கொட்டுவதுபோல இருக்கும், இதுதான் எல்லாவற்றிலும் மோசமான கட்டம் என்றார்கள். அதே மாதிரி ஊசிதான். வலி மதிப்பெண் முதல் குழுவில் பத்துக்கு 3, இரண்டாவதில் 5. தியேட்டரில் “கண்ணை மூடுங்கம்மா” என்று சொல்வதை நானும் நிறுத்திவிட்டேன். ‘கண்ணை மூடிட்டார்’ என்றால் நம் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். ‘தூங்கி எழுந்திருங்க, நான் பக்கத்துலதான் இருப்பேன்’ என்பேன். வீட்டில் “ஒண்ணும் ஆகாது, பயப்படாதே” என்று நாளுக்குப் பத்து முறை சொல்வதும் வேண்டாம். பத்து முறை சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் அவருக்குத் தோன்றும்.

மயக்க டாக்டரைச் சந்திக்கும் நாளில் அம்மாவின் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள், நாட்டு மருந்து எடுத்தால் அதையும். ஆடும் பல், குறட்டை, முன்பு நடந்த ஆபரேஷன், ரத்த சொந்தத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா என்பது எல்லாம் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சாப்பாட்டை எப்போது நிறுத்துவது என்று மணியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் போதும். பயத்தில் முந்தின இரவிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காமல் தலைவலியோடு வந்து நிற்பவர்கள் தினமும் உண்டு. ஆனால் சர்க்கரை நோய், கடும் நெஞ்செரிச்சல் போன்றவை இருந்தால் உங்கள் டாக்டர் சொல்லும் நேரம்தான் கணக்கு.

அம்மா கண்ணாடி போடுபவரா, காதில் மெஷின் வைப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டில் எது இருந்தாலும், மயக்கம் கொடுக்கும்வரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடுவார்கள். வார்டிலேயே இரண்டையும் கழற்றி வாங்கிவிட்டால், மாஸ்க் போட்ட முகங்களுக்கு நடுவே யார் பேசுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல்தான் உள்ளே போவார். நான் எவ்வளவு நன்றாக விளக்கினாலும் அது அவர் காதில் விழுந்தால்தானே.